கூறைச் சேலையை மூடச் சொன்ன சபை

2009ஆம் ஆண்டு ஏப்ரல் 6, திங்கட்கிழமை, மாலை ஏழு மணி. வெளியே வெப்பநிலை ஒரு பாகை. மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. அறுபத்தெட்டு வயதில், பிரஷர் குளிசை இரண்டு எடுக்கும் ஒருவன் வெளிக்கிடக்கூடாத காலநிலை. ஆனாலும் வெளிக்கிட்டேன். போனது மொன்றியலின் புறநகர் ஒன்றின் நகரசபை மண்டபத்துக்கு. எந்தச் சபை என்று எழுதப்போவதில்லை. எழுதினால் இன்னொரு கடிதம் வரும் என்ற பயம் இன்றைக்கும் எனக்கு இருக்கிறது.

மனைவியின் தங்கைக்காகத்தான் போனோம். அவள் கணவனை இழந்தவள். மூன்று பிள்ளைகளுடன் வன்னியில், கடற்கரையோரமாக, ஷெல்லடிக்குள் அகப்பட்டிருந்தாள். மூத்தது பெண், மற்ற இரண்டும் ஆண். பெப்ரவரிக்குப் பிறகு அவளிடமிருந்து தொலைபேசி இல்லை.

அந்தச் சபை மாதம் ஒருமுறை பொதுமக்களின் கேள்விகளுக்கு இடம் கொடுக்கும். முன்கூட்டியே பெயரைப் பதிந்தவர் மைக்குக்கு முன்னால் இரண்டு நிமிடம் பேசலாம். இதைக் கண்டுபிடித்தவள் எங்கள் தெருவில் இருந்த ஒரு தமிழ்ப் பெண். கார்டெரி என்ற பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பவள், பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு. போர்நிறுத்தம் கேட்டுச் சபை ஒட்டாவா அரசாங்கத்துக்கு எழுதுமா என்று கேட்பதுதான் அவளுடைய திட்டம். கேட்பவர் நானாக இருக்கவேண்டும் என்றாள். நரைத்த தலையைக் கண்டால் இடையில் வெட்டமாட்டார்கள் என்பது அவள் கணக்கு.

மனைவிக்குக் கேள்வியில் அக்கறை இல்லை. நாலு பெயரையும் அங்கே சொல்லவேண்டும் என்பதுதான் அவள் கேட்டது.

“ஆக்கள் எண்டு சொன்னா ஆயிரம் ஆக்கள். பெயரைச் சொன்னாத்தான் அது ஒரு ஆள். அரசாங்கக் கதிரையில இருக்கிறவன்ர காதில விழுந்தா, பேந்து ஒருத்தரும் அப்பிடி ஆக்கள் இருக்கேல்லை எண்டு சொல்லேலாது.”

எல்லோரும் கறுப்பு ரீசேட் போட்டு வரவேண்டும் என்று முடிவாயிற்று. நெஞ்சில் வெள்ளை எழுத்தில் ‘படுகொலையை நிறுத்து’ என்று பிரெஞ்சில் இருக்கும். மனைவிக்கும் ஒன்று வந்தது. அவள் அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை.

“உயிரோட இருக்கிறவளுக்கு நான் ஏன் கறுப்பு உடுக்கோணும்?” என்றாள். அன்றைக்குப் பின்னேரம் பெட்டியின் அடியிலிருந்து தன் கூறைச் சேலையை எடுத்து உடுத்தாள். சிவப்புப் பட்டு, மஞ்சள் கரை. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு மிஞ்சிப்போனால் பத்துத் தடவை உடுத்தியிருப்பாள், எல்லாம் நல்ல காரியங்களுக்கு. “செத்த வீட்டுக்குப் போற மாதிரி நான் வரமாட்டன். அவள் இருக்கிறாள்.”

நானும் ரீசேட் போடவில்லை. பேசப் போகிறவன் கழுத்துப்பட்டி கட்டாமல் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வாசலில் நின்ற காவலாளி, சபைக்குள் அரசியல் வாசகம் எழுதிய உடுப்புக்கு இடமில்லை, மூடிக்கொண்டால் உள்ளே விடலாம் என்றான். ரீசேட் போட்டு வந்த எங்கள் ஆட்கள் பதினான்கு பேரும் ஜாக்கெட்டுகளின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு உள்ளே போனார்கள். ஹீட்டர் மும்முரமாக வேலை செய்தது. நாற்பது நிமிடம் வீதி விளக்குகளைப் பற்றியும் ஒரு பூங்காவின் வேலியைப் பற்றியும் பேசினார்கள். எங்கள் ஆட்கள் வியர்த்து ஒழுகிக்கொண்டு இருந்தார்கள்.

கேள்வி நேரம் தொடங்கியது என்று தலைவர் அறிவித்ததும், கார்டெரிப் பெண் எழுந்து சிப்பைக் கீழே இழுத்தாள். மற்றவர்களும் இழுத்தார்கள். திட்டத்தின் இந்தப் பகுதி எனக்குச் சொல்லப்படவில்லை.

தலைவர் கெட்ட மனிதர் போல எனக்குத் தெரியவில்லை. களைத்த முகம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சபையின் விதியை ஒருமுறை வாசித்தார். பிறகு வெளியேற்றும்படி சொன்னார். காவலாளிகள் இரண்டு பேர். ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். பின்னால் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி மட்டும் மெதுவாகக் கைதட்டினாள். எதற்குத் தட்டினாள் என்று தெரியவில்லை.

மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர். அப்போதுதான் தலைவர் என் மனைவியைப் பார்த்தார்.

“மதாமும்தான்,” என்றார். “அந்தக் கொடியும் இங்கே கூடாது.”

எனக்கு விளங்க இரண்டு விநாடி எடுத்தது. டவுன்டவுன் ஊர்வலங்களில் எங்கள் ஆட்கள் பிடித்த சிவப்பு மஞ்சள் கொடிகளை அவர் தொலைக்காட்சியில் கண்டிருக்கிறார். இது கல்யாணச் சேலை, முப்பத்தைந்து வருடப் பழசு என்று எழுந்து நின்று சொன்னேன். யாரோ சிரித்தார்கள். தலைவர் காவலாளியைப் பார்த்தார். அவன் கதிரையில் கிடந்த அவளுடைய கோட்டை எடுத்து மரியாதையாக நீட்டினான்.

“என்னவாம்?” என்று கேட்டாள்.

“கோட்டைப் போட்டு மூடட்டாம். மூடினா இருக்கலாமாம். போடுமன், ரெண்டு நிமிசம்தானே.”

“அதுகள் கறுப்பை மூடினதுகள், சரி. நான் எதை மூட? கூறையையோ?”

“இஞ்சேரும், உதுக்கு இப்ப நேரமில்லை.”

“நீங்கள் இருங்கோ. நான் போறன். நாலு பெயரையும் சொல்லிப்போட்டு வாங்கோ.”

காவலாளி முழங்கையைப் பிடித்தான். என்னைத் தவிர வேற்று ஆண் கைபடாதவள், உதறினாள். கை அவன் முகத்தில் பட்டது. அடித்ததாகத்தான் பிறகு எழுதினார்கள். கோட் இல்லாமலே அவளை வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

அடுத்து ஒருவர் நாய்களைப் பற்றிக் கேட்டார். ஒரு பெண், பனி வழிக்கும் வாகனம் தன் வேலியை உடைத்ததைப் பற்றிக் கேட்டார். பிறகு என் முறை.

நான் மேடையில் பேசப் பழகியது யாழ்ப்பாணத்தில். அங்கே எழுந்தவுடன் விஷயத்துக்குப் போகிறவன் மரியாதை தெரியாதவன். மதிப்புக்குரிய தலைவருக்கு வணக்கம் சொன்னேன். உறுப்பினர்கள் ஆறு பேருக்கும் தனித்தனியே சொன்னேன். செயலாளருக்கும் கூடியிருந்தோருக்கும் சொன்னேன். பேச இடம் தந்த நாட்டுக்கு நன்றி சொன்னேன். நல்ல பிரெஞ்சில், மூன்று கிழமை பாடமாக்கியது. அதன்பின் கேள்வியைக் கேட்டேன். பெயர்களைத் தொடங்கினேன். தங்கையின் பெயர், மூத்தவளின் பெயர். மூன்றாவதற்கு வாயைத் திறந்தபோது மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது.

“மெர்சி, மொசியூ. வெளிவிவகாரம் எங்கள் அதிகாரத்துக்குள் வராது. அடுத்தவர்.”

கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மனைவி வாசல் கூரைக்குக் கீழே நின்றாள். சேலையின் கரை சேற்றில் நனைந்திருந்தது. காவலாளி கொடுத்த தாள் அவள் கையில் இருந்தது. காவலாளியை அடித்ததாகத் தண்டம். கார்டெரிப் பெண் தன் காரில் எங்களை ஏற்றினாள்.

“எங்களை வெளியில விறைக்க விட்டிட்டு அங்கிள் உள்ளுக்கை சூடு காய்ஞ்சிருக்கிறார்,” என்றாள்.

“அவர் வேலையாத்தான் இருந்தவர். நீ ரோட்டைப் பாத்துக் காரை ஓடு,” என்றாள் மனைவி. பிறகு என்னிடம், “நாலும் சொன்னனீங்களோ?”

“ரெண்டு. பேந்து மைக்கை நிப்பாட்டிப்போட்டாங்கள்.”

“ரெண்டு நிமிசத்தில ரெண்டு பெயரோ?”

கண்ணாடித் துடைப்பான் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அதை மாற்றவேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னது ஞாபகம்.

மறுநாளே தண்டத்தைக் கட்டிவிடுவோம் என்றேன். மனைவி விடவில்லை. வழக்காடினால் நீதவானுக்கு முன்னால் பேசலாம், அங்கே மைக்கை அணைக்கமாட்டார்கள் என்று கார்டெரிப் பெண் சொல்லியிருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டாள். வழக்கு நவம்பருக்குப் போடப்பட்டது. ஒவ்வொரு பின்னேரமும் குசினியில் நின்று, கறி கொதிக்கும்போது, நான் எழுதிக்கொடுத்த பிரெஞ்சு வசனத்தைச் சொல்லிப் பார்ப்பாள். வணக்கம் எல்லாவற்றையும் அவளே வெட்டிவிட்டாள். முதலே நாலு பெயர். மே மாதம், சண்டை முடிந்துவிட்டது என்று செய்தி வந்த நாளிலும் சொல்லிப் பார்த்தாள்.

ஜூலையில் முகாமிலிருந்து யாரோ ஒருவரின் தொலைபேசியில் தங்கை கதைத்தாள். அவள் இருக்கிறாள். மூத்தவளும் இருக்கிறாள். பெடியன்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில், ஒரே நாளில். எந்த நாள் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

மனைவி ரிசீவரை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். பிறகு சொன்னாள்:

“நீங்கள் சொன்ன ரெண்டும்தான் இருக்குது.”

குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. பார்த்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். அதன்பிறகு இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் படித்தவன். நாலு பெயரில் இரண்டை ஆறு விதமாக எடுக்கலாம். ஆகவே தற்செயலாக அப்படி அமைவதற்கு ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அது பெரிய வாய்ப்பு. பகடை உருட்டுகிறவன் வியக்கமாட்டான். இதை இரவும் பகலும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவளிடம் சொல்லவில்லை.

நவம்பரில் வழக்குக்குக் கூப்பிட்டார்கள். கோட்டை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“அங்கை போய் இனி ஆரின்ர பெயரைச் சொல்ல?”

அவள் வரவில்லை என்பதால் குற்றம் உறுதியாயிற்று. அடுத்த கிழமை நான் தனியே பஸ் ஏறிப் போய்க் காசாளரின் கண்ணாடிக்கு முன்னால் வரிசையில் நின்று கட்டினேன். தண்டம் நூற்றைம்பது, செலவு நாற்பத்திரண்டு, வழக்குக்கு வராததற்கு இருபத்தைந்து. எல்லாமாக இருநூற்றுப் பதினேழு டொலர்.