செல்லியம்மாளின் அளவு

வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். இங்கே எந்த ஆம்பளையின் மண்வெட்டியைத் தூக்கிப் பார்த்தாலும் பிடி செல்லியம்மாள் போட்டதாகத்தான் இருக்கும். அடுத்த வீட்டுக்காரி என்பதற்காகச் சொல்லவில்லை. பிடி கேட்டு வந்தவனை நிமிர்ந்து நிற்கச் சொல்வாள். அவன் உயரத்துக்கு ஏற்றபடி ஒரு குச்சியை முறித்து அளவெடுத்து, நிழலில் காய்ந்த கருவேலங்கட்டையை வாச்சியால் செதுக்கிக் கொடுப்பாள். முதுகு வலிப்பதே இல்லை என்று அவர்களே மெச்சிக்கொள்வார்கள்.

மெச்சி என்ன பிரயோசனம்? மண்வெட்டி வேலைக்கு எங்களைக் கூப்பிட மாட்டார்கள். மரவள்ளி நட மண்ணை மேடாக இழுத்துப் பார் கட்டுவது ஆம்பளை வேலையாம். பொம்பளைக்குக் களைக்கொத்துதான். அதற்கு முழங்கை நீளம்தான் பிடி. நாளெல்லாம் குனிந்தே கிடக்க வேண்டும். யார் போட்ட சட்டமோ இது.

இந்த வருசம் செல்லியம்மாள் தன் உயரத்துக்கு ஒரு மண்வெட்டிப் பிடி போட்டுக்கொண்டு, தோட்டத்துச் சொந்தக்காரர் செங்கோட்டையனிடம் போய் நானும் பார் கட்ட வருகிறேன் என்றாள். அவர் தலையைச் சொறிந்துவிட்டுச் சரி என்றார். ஆள் கூட்டி வரும் மாதேஸ்வரனுக்குத்தான் முகம் சுண்டிப்போனது. காலையில் அவள் கட்டிய பாரில் குறை சொல்ல அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மத்தியானம் சோறு தின்றுவிட்டுத் திரும்பிப் போனால், அவளுடைய பிடி இரண்டாகக் கிடந்தது. தானாக ஒடிந்துவிட்டது என்றான். வைரம் பாய்ந்த கருவேலம் தானாக ஒடியுமா? நானாக இருந்தால் அங்கேயே அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். அவளோ இரும்பை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அன்றிலிருந்து பிடி கேட்டு வந்த யாரையும் அவள் நிற்கவைத்து அளக்கவில்லை. எல்லோருக்கும் களைக்கொத்து நீளத்திலேயே செதுக்கிக் கொடுத்தாள். இறுகின மண்ணில் பிடி ஒடிந்து மாதேஸ்வரனும் வந்தான். அவனுக்கும் அதேதான்.

"ஏனுங்க்கா, இத வெச்சு எப்படி நிமுந்து வெட்டறது?"

"எதுக்குங்க நிமுரோணும்? நாங்க குனியறாப்பல நீங்களும் கொஞ்ச நாளைக்குக் குனிஞ்சு பாருங்க."

ரோசத்தில் ராசிபுரம் போய்த் தைலமரத்துப் பிடி வாங்கி வந்தான். சரியாகக் காயாத மரம். வெயிலில் சுருங்கி ஆட்டம் கண்டது. இரவெல்லாம் தண்ணீரில் ஊறப்போட்டான்; காலையில் இறுகியது, உச்சி வெயிலில் மறுபடி ஆடியது. ஓங்கி வெட்டும்போது இரும்பு கழன்று பறந்து, பக்கத்துப் பாரில் வெட்டிக்கொண்டிருந்த ஆண்டியின் காலடியில் விழுந்தது. கால் தப்பியதே பெரிது. அதற்குள் மற்றவர்களுக்கும் குனிந்து குனிந்து இடுப்பு கழன்றிருந்தது. ஒன்று அவளைச் சேர்த்துக்கொள், இல்லையென்றால் நாங்கள் வரமாட்டோம் என்று அவனை அவள் வீட்டுக்குப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள்.

சாயங்காலம் அவள் வாசலில் வந்து நின்றான். கூட்டமே பின்னால் நின்றது. நானும் வேடிக்கை பார்க்கப் போனேன், மறைப்பானேன்.

"அக்கா, அளவெடுங்க. நாளையிலிருந்து நீங்களும் வந்துருங்க. கடைசிப் பார் உங்களுக்கு உடறோம்."

செல்லியம்மாள் வாச்சியைக் கீழே வைத்தாள்.

"கடைசி வேண்டாஞ் சாமி. நடுவுல நிக்கறேன். ரெண்டு பக்கமும் நீங்க நில்லுங்க. இன்னொருக்கா ஒடிக்கோணும்னு தோணுச்சுன்னா, என்ற கையில இருக்கறப்பவே ஒடிங்க."