கொசுறாக விழுந்த ஒரு சொட்டு

அண்ணாச்சி கடையில் கறிவேப்பிலை கொசுறு. கொத்தமல்லி, அண்ணாச்சியின் மனநிலையைப் பொறுத்துக் கொசுறு. ஊரில் மெட்ராஸ் ஐ கிளம்பிவிட்டால் கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்தும் கொசுறு.

மிகைப்படுத்தவில்லை. எங்கள் தெருமுனை மளிகைக் கடையின் பிரிட்ஜில், தயிர்ப் பாக்கெட்டுக்கும் இட்லி மாவுக்கும் நடுவில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பி நின்றுகொண்டிருக்கும். சிவந்த கண்ணோடு யார் வந்தாலும் அண்ணாச்சி முதலில் சரக்கைக் கட்டுவார், துட்டை வாங்கிக் கல்லாவில் போடுவார், பிறகு "மேல பாரும்" என்பார். கல்லாவுக்கு மேலே முருகன் படம். மேலே பார்த்தால் முருகனைத்தான் பார்த்தாக வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொட்டு விழும். மருந்து எது, அருள் எது என்று பிரிக்க முடியாத ஏற்பாடு.

அந்த மாதம் என் மடிக்கு ஒரு மரியாதை வரவிருந்தது. திருச்செந்தூரில் கட்டிக் கொடுத்த என் தங்கைக்கு, எத்தனையோ வருடக் காத்திருப்புக்குப் பிறகு பெண் குழந்தை. கோயிலில் முடி இறக்கிக் காது குத்த நாள் குறித்தாயிற்று. காது குத்துவது தாய்மாமன் மடியில். உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். இத்தனை வயதுவரை என் மடி கண்டதெல்லாம் பேருந்தில் யாரோ கொடுத்து வைக்கச் சொன்ன பை, அலுவலகத்தில் டிபன் பாக்ஸ், வீட்டில் எழுதி எழுதிக் கிழித்த தாள். ஒரு குழந்தை உட்கார்ந்து ஊரைக் கூட்டி அழப்போகிற மடியாக அதை நினைத்துப் பார்க்கவே எனக்குத் தொடை சிலிர்த்தது. வேட்டி எடுத்து, துவைக்காமல் கட்டக்கூடாது என்று துவைத்து, துவைத்தால் புதுசில்லையே என்று வருந்தி, இன்னொன்று எடுத்தேன்.

எனக்குப் போட்டி ஒன்று இருந்தது. விளாத்திகுளத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சித்தப்பா மகன். அவனும் முறைக்கு மாமன்தான். "அண்ணே, நீங்க இருக்கையில நான் எதுக்கு? ஆனா ஒரு அவசரம்னா நான் ரெடி" என்று குழந்தை பிறந்த அன்றே சொல்லிவைத்தவன்.

அவசரம் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது. இடது கண் திறக்கவில்லை. இமைகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றன. வெந்நீர் வைத்துப் பிரித்தால் உள்ளே ஒரு உப்பளம். பாத்தி பாத்தியாய்ச் சிவப்பு, கரையெல்லாம் கரகரப்பு, விடாத தண்ணீர். துறைமுகத்தில் ஏற்றுமதி ஏஜென்ட் அலுவலகத்தில் எனக்கு வேலை. பாதி ஆபீஸ் ஏற்கனவே கருப்புக் கண்ணாடியில்தான் உட்கார்ந்திருந்தது. யார் தூங்குகிறார், யார் முழிக்கிறார் என்று மேனேஜருக்கே தெரியவில்லை.

"டாக்டர்ட்ட போங்க" என்றாள் மனைவி.

"போறேன். முதல்ல பாலு வாங்கிட்டு வந்துருதேன்" என்றேன். அந்தப் பாலில்தான் வினை.

"என்ன வே, கண்ணு கோவப்பழமாப் பழுத்துட்டு?" என்றார் அண்ணாச்சி. பிரிட்ஜைத் திறந்தார். குப்பியின் மேல் ஒட்டியிருந்த தாள், தயிர்ப் பாக்கெட்டின் ஈரத்தில் ஊறி ஊறிப் பாதி உரிந்துவிட்டிருந்தது. உள்ளே மருந்து பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் இருந்தது.

"அண்ணாச்சி, கலரு ஒரு மாதிரி இருக்கே?"

"முதல்ல தண்ணி மாதிரிதான் இருந்துச்சு. இப்ப நல்லா முத்திருக்கு. முத்துனாத்தான் வே வேகம்."

அண்ணாச்சி உடைந்த அரிசியைக் குருணை என்று விற்பவர். வெல்லம் இளகினால் பாயசத்துக்கு விசேஷம் என்பவர். அவர் கடையில் எதுவும் கெட்டுப்போவதில்லை, வேறொன்றாகத் தேறிவிடும். மருந்தும் தேறியிருக்கும் என்று நானும் நம்பினேன். மேலே பார்த்தேன். முருகன் சிரித்தார். குப்பியின் மூக்கு என் இமையைத் தொட்டு, சொட்டு விழுந்தது. எனக்கு முன்னால் அது எத்தனை இமைகளைத் தொட்டதோ, தெரு முழுவதும் ஒரே குப்பியில் கண் நனைத்துக்கொண்டிருந்தோம்.

"அந்தக் கண்ணுக்கும் ஒண்ணு விடுதேன்" என்றார்.

"அது நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கட்டும். கோவிச்சுக்கிடக் கூடாதுல்லா."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் கீழவைப்பார் கடற்கரையில் வெறுங்காலோடு நடந்தால் கவிதை வரிகள் தானாக வரும் என்று நடந்தேன். வரி வரவில்லை, கிளிஞ்சல் கிழித்துக் காலில் சீழ் வந்தது. அதற்குக் கொடுத்த மாத்திரையில் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி, அந்தமான் தீவுக்கூட்டம்போல் முதுகில் படம் போட்டுவிட்டது. "உங்களுக்கு சல்ஃபா மருந்து ஆகாது. எந்த டாக்டர்ட்ட போனாலும், எந்த மெடிக்கல்ல நின்னாலும் முதல்ல இதைச் சொல்லணும்" என்றார்கள் ஆஸ்பத்திரியில். சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். பல் டாக்டரிடம் சொன்னேன். தலைவலி மாத்திரை வாங்கும்போதும் சொன்னேன். ஆனால் மளிகைக் கடையில் அரை லிட்டர் பாலுக்கு நிற்கும்போது, "அண்ணாச்சி, எனக்கு சல்ஃபா ஆகாது" என்று எவன் சொல்வான்?

சாயங்காலத்துக்குள் நான்கு இமைகளும் நொங்குபோல் வீங்கின. அரிப்பென்றால் அப்படியொரு அரிப்பு. உலகம் ஒரு கோடாகச் சுருங்கியது. அந்தக் கோட்டின் வழியாக மனைவியின் வளையலும் தண்ணீர்ச் செம்பும் மட்டும் வந்து வந்து போயின. தங்கை வீடியோவில் கூப்பிட்டாள்.

"அண்ணே, கேமராவத் துடை."

"துடைச்சாச்சு."

"அப்ப மூஞ்சியத் துடை."

"இதுதாம்மா மூஞ்சி."

போனைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு, "என் பிள்ளைய இந்த மூஞ்சியோட தூக்கப் போறியா நீ?" என்றாள். கேலியாகத்தான் தொடங்கினாள். முடிக்கையில் அழுதுவிட்டாள். நானும்தான். நான் கண் வீக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

அடுத்த அழைப்பு விளாத்திகுளத்திலிருந்து.

"அண்ணே, கேள்விப்பட்டேன். மனசுக்கு ரொம்பச் சங்கடமா இருக்கு."

"ம்."

"பாத்து இருங்க. உடம்புதான் முக்கியம்."

"ம்."

"வேட்டி எந்தக் கரை போட்டு எடுக்கட்டும்?"

மறுநாள் காலை கண் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அண்ணாச்சியும் கூடவே வந்தார். தன் மருந்தின் மேல் பழி விழுந்ததில் அவருக்கு மனத்தாங்கல். குப்பியை ஒரு தயிர்ப் பாக்கெட்டோடு சேர்த்துக் கேரிபேக்கில் போட்டு, சில்லென்று பிடித்துக்கொண்டு வந்தார்.

டாக்டரம்மா டார்ச் அடித்து என் இமையைப் பிரித்தார். "என்ன மருந்து போட்டீங்க?"

"அண்ணாச்சி கடையில ஒரு சொட்டு…"

"மெடிக்கலா?"

"மளிகை."

டார்ச் அணைந்தது. அண்ணாச்சி முன்னால் வந்து, கேரிபேக்கை மேசைமேல் வைத்து, பூசைத் தட்டிலிருந்து எடுப்பதுபோல் குப்பியை எடுத்துக் கொடுத்தார். உரிந்ததுபோக மிஞ்சியிருந்த எழுத்துகளை டாக்டரம்மா வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"இது சல்ஃபா சொட்டு மருந்து. சார், உங்களுக்கு இதுக்கு முன்னால ஏதாவது மாத்திரை ஒத்துக்காமப் போயிருக்கா?"

என் முதுகின் தீவுகளைச் சொன்னேன்.

"மாத்திரைதானே ஆகாதுன்னு நினைச்சீங்க. மாத்திரைன்னாலும் சொட்டுன்னாலும் களிம்புன்னாலும் உடம்புக்கு அது ஒரே சரக்குதான். வீட்டுல சூடு பட்டா தடவுற வெள்ளைக் களிம்பு இருக்கா? அதுலயும் சல்ஃபா இருக்கும். சொல்லி, வேற வாங்கி வச்சுக்கோங்க."

அண்ணாச்சி இடையில் புகுந்தார். "அப்ப டாக்டரம்மா, ஹார்பர்ல சல்பருன்னு மஞ்ச மஞ்சேர்னு கந்தகத்தக் குமிச்சுப் போட்டிருக்கானே, அது பக்கத்துல இவரு போகலாமா?"

"அது வேற, இது வேற. கந்தகத்துக்கும் இந்த அலர்ஜிக்கும் சம்பந்தமே கிடையாது. தூசி கண்ணுல விழாமப் பாத்துக்கிட்டாப் போதும். பெரியவரே, இந்தக் குப்பி யாருக்கு எழுதிக் குடுத்தது?"

"என் மருமவளுக்கு. சீழு கட்டியிருந்துச்சு, கேட்டுச்சே."

"கேட்டிருக்கும். நல்ல மருந்துதான். ஒரு கண்ணு பாத்து, ஒரு ஆளுக்கு எழுதுறது. நுனி கண்ணுல படாமப் போடணும். சொன்ன நாள் வரைக்கும் போட்டுட்டு மிச்சத்தைத் தூரப் போட்டுடணும். திறந்து ஒரு மாசத்துக்கு மேல வச்சிருக்கக் கூடாது. இப்படி நெறம் மாறிட்டா அன்னைக்கே குப்பை."

"குப்பையா?" என்றார் அண்ணாச்சி. அந்த வார்த்தை அவர் குடும்பத்தில் யாரும் வியாபாரத்தில் உபயோகித்ததில்லை. "முத்துன மருந்தை?"

"கெட்ட மருந்தை."

"எங்கிட்ட போட்டுட்டுப் போனவன் அம்புட்டுப் பேருக்கும் சரியாச்சே?"

"இப்ப ஊர்ல நடக்குறது வைரஸ். இதுக்கு இந்த மருந்தும் கேக்காது, வேற ஆன்டிபயாட்டிக்கும் கேக்காது. அவங்களுக்குத் தானாச் சரியாயிருக்கும். நீங்க ஒரே நுனியால எல்லாருக்கும் நோயப் பங்கு வச்சிருக்கீங்க, அவ்வளவுதான்."

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை கண்களையும் திறந்துவைத்த பெருமை ஒரு நொடியில் போய்விட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

டாக்டரம்மா அலர்ஜிக்கு மருந்து எழுதினார், குளிர்ந்த தண்ணீரில் துணி நனைத்து ஒத்தச் சொன்னார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "காய்ச்சல் வந்தாலோ, வாய்க்குள்ள புண்ணு வந்தாலோ, தோல்ல கொப்புளம் கண்டாலோ, நாளைக்குப் பாத்துக்கிடலாம்னு படுத்துடாதீங்க. அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்கு வாங்க. சல்ஃபால அதுவும் வரும், அது விளையாட்டில்லை" என்றார். நாங்கள் இருவரும் பள்ளிக்கூடப் பையன்களைப்போல் நிமிர்ந்தோம்.

என் கேள்வி நெஞ்சிலேயே நின்றது. கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து, தாய்மாமன், மடி.

"வீக்கம் அதுக்குள்ள வடிஞ்சிரும் சார். ஆனா சிவப்பும் தண்ணியும் நிக்கிற வரைக்கும் பச்சப்பிள்ளையத் தொடக் கூடாது."

"கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டா?"

"இது பார்வையில பரவாது. கையில பரவும்."

ஞாயிறு விடிந்தது. வீக்கம் போயிருந்தது. இடது கண் மட்டும், அதன் மூலையில் ஒரு சிவப்பும் ஒரு கசிவுமாய், பிடிவாதமாய் இருந்தது. கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தேன். ஒரு மாதிரி சாய்ந்து நின்றால் சிவப்பு தெரியவில்லை. ஒரு மாதிரி சாய்ந்தே சடங்கு முழுக்க உட்கார முடியுமா என்றும் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு தங்கைக்குப் போன் போட்டு, "இன்னும் தண்ணி வருதும்மா" என்றேன்.

"நீ வா. வந்து தள்ளி நில்லு" என்றாள். "வராம இருந்திராத."

பஸ்ஸில் கம்பியைப் பிடித்து ஊருக்கெல்லாம் பங்கு வைக்க வேண்டாம் என்று அண்ணாச்சி தன் குட்டியானை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். பின்னால் வெங்காய மூட்டைகளோடு மூட்டையாக ஏறிக்கொண்டேன். அவர் முன்னால் ஓட்டினார். வெங்காயக் காற்றில் இடது கண்ணுக்குத் துணையாக வலது கண்ணும் அழுதது. உப்பளங்கள் வெள்ளை வெள்ளையாய்ப் பின்னோக்கி ஓடின.

திருச்செந்தூரில் என் இடம் கடற்கரை மணலில், சொந்தபந்தங்களுக்கு எட்டாத தூரத்தில். கருப்புக் கண்ணாடி, கன்னத்தில் கண்ணீர், துண்டை ஏந்திய கை. அவசரமாகப் போன ஒரு அம்மாள் என் துண்டில் ஐந்து ரூபாய் போட்டு, "முருகா, இவருக்கு வழி காட்டப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுத்துப் பேசுவதற்குள் கூட்டத்தில் மறைந்துவிட்டார்.

"வாங்கிக்கிடும் வே. புண்ணியத்துக்குப் போட்டுருக்கா" என்றார் அண்ணாச்சி.

அங்கே பந்தலில் விளாத்திகுளத்துத் தம்பி உட்கார்ந்திருந்தான், மயில்கண் கரை போட்ட பட்டு வேட்டியில். அவன் மடியில் என் மருமகள், சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு, ஒரு பிடி வெண்ணெய்போல. ஆசாரி கம்பியை எடுத்தார். குழந்தை வீறிட்டது, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது. சாவிக்கொத்தை ஆட்டினார்கள். போனில் பாட்டுப் போட்டார்கள். என் மச்சான் தன் வழுக்கையில் தானே தாளம் தட்டினார். ஒன்றும் எடுபடவில்லை.

"தல நிக்க மாட்டேங்கு. யாராவது வேடிக்கை காட்டுங்கய்யா" என்றார் ஆசாரி.

தொடத்தான் கூடாது. நான் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, துறைக்குள் நுழையும் சரக்குக் கப்பல்போல் ஊதினேன். பூம்ம்ம்ம்ம். அடிவயிற்றிலிருந்து. கடலில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு நாய் எழுந்து வேறு இடத்துக்குப் போயிற்று. குழந்தை வாயைத் திறந்தபடி அசையாமல் இருந்தது, கண் என்னை நோக்கி. ஒரு காது முடிந்தது.

"அண்ணே! இன்னொரு தடவ!" தங்கை பந்தலிலிருந்து கத்தினாள்.

ஊதினேன். இன்னொரு காதும் முடிந்தது. அழுகை ஆரம்பிக்கவே மறந்துபோன அந்த இடைவெளியில் தம்பி மட்டும் மெதுவாக எழுந்து, பட்டு வேட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, "ஏ யக்கா, நனைச்சுட்டாளே இவ" என்றான்.

தங்கை குழந்தையைத் தூக்கி என் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள். வெயிலில் இரண்டு பொட்டுத் தங்கம்.

"கையப் பின்னால கட்டிக்கிடும் வே" என்றார் அண்ணாச்சி.

கட்டித்தான் இருந்தேன். குழந்தை என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது. நான் ஓர் அடி பின்னால் வைத்து, மறுபடியும் ஊதினேன்.