பெட்டிக்குள் போன ஒரு ‘ஆ’

போன வாரம் பெங்களூரிலிருந்து ஒரு தம்பி வந்தான். சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சந்துக்குள் கார் நுழையாது என்று எல்லோரும் சொல்லியும் நுழைத்து, மளிகை மூட்டை இறக்குகிறவர்களிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டு, பிறந்த குழந்தையைத் தூக்கிவருகிற மாதிரி ஒரு பெட்டியைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தான். நான் ஸ்டெபிலைசரும் யுபிஎஸ்ஸும் ரிப்பேர் பார்க்கிறவன். போர்வையை விலக்கியதும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டேன். பழைய சேம்ப்ளர்.

உங்களுக்குத் தெரிந்திருக்காது, தெரியாதவரை நீங்கள் பாக்கியசாலி. எந்தச் சத்தத்தையும் துளி நேரம் பிடித்துவைத்துக்கொண்டு, கீபோர்டில் எந்தக் கட்டையை அமுக்கினாலும் அந்தச் சுருதியில் அதைத் திருப்பிக் கக்குகிற பெட்டி அது. அவ்வளவுதான் அதன் பெருமை.

“அண்ணா, இதோட கரகரப்பு இருக்கே, கம்ப்யூட்டர்ல என்ன பண்ணாலும் வராதுண்ணா. உயிர் இருக்குண்ணா இதுல,” என்றான்.

“என் உயிர்தான் இருக்கு அதுல,” என்றேன். ஏதோ பாராட்டு என்று நினைத்துத் தலையாட்டினான்.

அந்தக் கரகரப்பு ஒழியவேண்டும் என்று நான் மாரியம்மனுக்கு உப்பும் மிளகும் கொட்டியிருக்கிறேன். இவன் அதற்காகவே தேடி வாங்கியிருக்கிறான். இதில் எரிச்சல் என்னவென்றால், பெட்டிக்குள் என்ன சிப் இருக்கிறது, எந்த நாட்டில் செய்தது என்பதெல்லாம் என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். எனக்கு அது என்ன செய்தது என்பது மட்டும்தான் தெரியும்.

மூடியைக் கழற்றினேன். ஃப்ளாப்பி சுழற்றுகிற ரப்பர் பெல்ட் உருகிக் கறுப்பு அல்வாவாகக் கிடந்தது. வெயிலில் இளகிய தாரும் பழைய தூசியும் கலந்த ஒரு நாற்றம். பெல்ட்டை மாற்றி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் உள்ளே துடைத்து, ஓடவிட்டுக் காட்டி, கொடுத்தனுப்பிவிட்டேன். பையன் போய்விட்டான். நாற்றம் போகவில்லை. சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் ரசத்திலும் அதுதான் வந்தது.

ஒரு காலத்தில் நான் இருந்த மெல்லிசைக் குழுவின் வேனுக்குள்ளும் இதே நாற்றம்தான், கூட மல்லிகைப்பூவும் டீசலும். சேலம் சுற்றுவட்டாரத்தில் கோயில் திருவிழா, கல்யாணம் என்று கச்சேரி செய்து திரிந்த குழு. ஓனர் பெயர் குப்புராஜ். குப்புராஜண்ணனுக்குப் பாட வராது, எதையும் வாசிக்க வராது. மைக்கில் ‘ஹலோ, செக்’ சொல்ல வரும். அதையும் சுருதியில் சொல்லமாட்டார். வெயில் இறங்கிய பிறகு கூலிங்கிளாஸ் எடுத்து மாட்டுகிற ஆள். சென்னையில் ஏதோ ஸ்டுடியோக்காரர்கள் வேண்டாமென்று கழித்துப்போட்ட சேம்ப்ளரை வாங்கிக்கொண்டு வந்து, சேலத்துக்கே விமானம் இறக்கியவர் மாதிரி நின்றார்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ரேடியோக் கடையில் சால்டரிங் வைத்துக்கொண்டிருந்த என்னை அதற்குக் காவல் வைத்தார். எனக்கோ பிறவியிலேயே பயம். வீட்டைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பேன். தெருமுனைக்குப் போய்விட்டு, திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பேன். இப்படிப்பட்டவன் கையில், கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடுகிற ஒரு இயந்திரம். ஆமாம், பிளக்கைப் பிடுங்கினால் அதன் தலை காலி. சத்தங்களைச் சேமித்துவைத்த ஃப்ளாப்பியை மறுபடி செருகி, அது கர்ர் கர்ர் என்று கறையான் அரிக்கிற மாதிரி அரித்து முடிக்கிறவரை கூட்டம் விசிலடித்துக்கொண்டிருக்கும். தேர் வருகிற தெரு என்றால் கம்பியில் தட்டாமலிருக்கக் கரண்டை நிறுத்துவார்கள். சாமி வருகிறதென்று ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போது நான் மட்டும் மனசுக்குள் சாமியைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

அதைப் பேணுவது என்பது ஒரு நோயாளி மாமனாரைப் பேணுவது மாதிரி. பட்டன்கள் நல்ல வார்த்தைக்குக் கேட்காது, நகத்தால் குத்த வேண்டும். திரை வெளிச்சம் செத்துப்போனதால் பக்கவாட்டில் டார்ச் அடித்துத்தான் எழுத்தைப் பார்க்கலாம். காற்றுத் துளைக்குள் பல்லி முட்டையிட்டிருக்கும். திரையில் வருகிற இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது, உருவம் தெரியும். ஃப்ளாப்பி படிக்கவில்லை என்பதற்கு ஒரு வாசகம் உண்டு. மூன்று சொல், நடுச்சொல் குட்டை. அது கனவில்கூட வரும்.

இத்தனைக்கும் ஓனர் அதை எதற்கு வாங்கினார் என்றால், சங்கீத வளர்ச்சிக்கு அல்ல, வேனில் சீட் மிச்சம் பிடிக்க. கோரஸுக்கு மூன்று பெண்கள் இருந்தார்கள். மூத்தவள் சரசா, ஜலகண்டாபுரத்துக்காரி. பகலில் தறிக்கு நூல் சுற்றுவாள், கச்சேரி அன்றைக்குப் பஸ் பிடித்துச் சேலம் வருவாள். பின்வரிசையில் மூன்று பேருக்கும் சேர்த்து வைத்த ஒற்றை மைக்கில் ‘ஆ’ என்பாள், ‘ஓ’ என்பாள். “அடுத்த வருசம் உனக்கொரு சரணம் தாரேன் சாமி,” என்று ஓனர் வருசாவருசம் சொல்லுவார். வந்த எந்த வருசமும் அந்த அடுத்த வருசம் இல்லை.

பெட்டிக்குக் குரல் பிடிக்கிற பதிவு நடந்த இடம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு துண்டுக் கிடங்கு. சுற்றிலும் துணி மூட்டை இருந்தால் எதிரொலி வராதாம். கஞ்சி வாடையில் எல்லோருக்கும் தும்மல். முதலில் பதிவானது என் தும்மல்தான். அதைக் கட்டையில் வாசித்துப் பார்த்தபோது ஒன்றும் மோசமில்லை, ஓனர் பேச்சைவிடத் தேவலாம்.

“ஒரு ‘ஆ’ சொல்லு சாமி,” என்றார் குப்புராஜண்ணன்.

“எந்தப் பாட்டுக்குங்க?”

“எல்லாப் பாட்டுக்குந்தான்.”

சரசா மைக் சோதனை என்று நினைத்துச் சொன்னாள். நல்ல நீளமான ‘ஆ’. ஆனால் பெட்டியில் இருந்த இடத்துக்கு அது கொள்ளவில்லை. அவள் மூச்சு இன்னும் பாக்கியிருக்கும்போதே கத்தரித்த மாதிரி நின்றது. கட்டையை அமுக்கிக் காட்டினோம். அடியில் அமுக்கினால் ஆண் குரல், மேலே அமுக்கினால் அணில்.

“ஐயோ, எங்க மாமனாரு கொட்டாவி உடறாப்பல இருக்குதுங்க!” என்று சரசா மூட்டைமேல் சாய்ந்து சாய்ந்து சிரித்தாள்.

அடுத்த கச்சேரி ராசிபுரத்தில். சரசா வழக்கம்போலப் பையும் தண்ணீர் பாட்டிலுமாக வேனடியில் வந்து நின்றாள். அவள் சீட்டில் சேம்ப்ளர் இருந்தது. உருளாமலிருக்கக் கயிறு போட்டு, வெயில் படாமலிருக்கத் துண்டு போர்த்தி. எங்கள் யாருக்கும் அந்த வேனில் அப்படியொரு உபசாரம் நடந்ததில்லை.

“இன்னைக்கு நீ சிரமப்பட வேண்டாம் சாமி. ஊட்டுக்குப் போயி ரெஸ்ட் எடு,” என்றார் ஓனர்.

“கோரஸுக்குங்கண்ணா?”

ஓனர் பெட்டியைத் தட்டிக் காட்டினார். “அதுக்குச் சளி புடிக்காதும்மா.”

“எனக்கும் புடிக்கலைங்களே. தொண்டை நல்லாத்தான் இருக்குது,” என்று சொல்லி அவள் அந்த ரோட்டிலேயே ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினாள். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள். ஓனர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். மற்ற இரண்டு பெண்களும் முறைத்துவிட்டு அன்றைக்கே வேறு குழுவுக்குப் போய்விட்டார்கள். சரசா மட்டும் ஜன்னலோரம் வந்து சொன்னாள்:

“செரிங்க, மத்த ஊருக்கு உடுங்க. விஜயதசமிக்கு எங்கூர்ல கச்சேரி பேசியிருக்கீங்கல்ல, அதுக்கு மட்டும் கூப்புடுங்க. எங்கூரு மேடையில ஒருக்கா நிக்கோணுங்கண்ணா. இத்தன நாளாச்சு, எங்க வளவுல பக்கத்து ஊட்டுக்காரங்ககூட நான் கச்சேரியில பாடறேன்னு சொன்னா நம்பறதில்லீங்க.”

“பாக்கலாம் சாமி.”

பார்க்கலாம் என்று அவர் சொன்னால் பார்க்கவே மாட்டார் என்று வேன் டிரைவருக்கும் தெரியும். ஜலகண்டாபுரம் கோயில்காரர் போனில் “நம்மூர்ப் புள்ள சரசா வருமுங்கல்ல?” என்று கேட்டபோது, “குரல் வருமுங்க,” என்று சொல்லிவிட்டு வைத்தார். பக்கத்தில்தான் இருந்தேன். சொன்ன பதிலை அவரே ரசித்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம்மூரில் அன்றைக்கு லாரிக்குப் பொட்டு, தறிக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு. சரி, இரும்பு தாங்கும். குப்புராஜண்ணன் சேம்ப்ளருக்கு மாலை போட்டு, நெற்றி எது என்று யோசித்து, ஃப்ளாப்பி செருகுகிற வாய்க்கு மேலே குழைத்த சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்தார். அதோடு விட்டாரா? ஃப்ளாப்பிகளை வெற்றிலைமேல் வரிசையாக அடுக்கினார். ஒவ்வொன்றிலும் ஓரத்தில் பளபளவென்று இருக்கிற தகடுதான் மங்களகரமாகத் தெரிந்திருக்கிறது. அதன்மேல் ஒவ்வொரு பொட்டு. அந்தத் தகடு நகர்ந்துதான் உள்ளே இருக்கிற படலம் தெரியும், பெட்டி அதைத்தான் படிக்கும்.

“அண்ணே, உள்ள போயிரும்ணே,” என்றேன்.

“சாமிக்கு வெக்கற பொட்டு மிஷினக் கெடுக்குமாடா? வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டியா?”

பயந்தவன் என்பதால் ஒவ்வொரு ஃப்ளாப்பிக்கும் நகல் எடுத்துத் தனி டப்பாவில் ஒளித்துவைத்திருந்தேன். அதையும் கண்டுபிடித்துவிட்டார். “இதுகளுக்கு வெக்கலீன்னா கோவிச்சுக்கும்,” என்று அதற்கும் பொட்டு. வாசலில் பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி வேறு கழித்தார்.

மறுநாள் விஜயதசமி, காலையில் ஃப்ளாப்பியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். ஏறியது. மறுபடி போட்டுப் பார்த்தேன். அப்போதும் ஏறியது. தகட்டடியில் சந்தனம் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான். ஜலகண்டாபுரம் ரோட்டில் வேன் குலுங்கக் குலுங்கக் காய்ந்து, உதிர்ந்து, பொடியாகி உள்ளே இறங்கியிருக்கிறது.

விளக்கு வைத்தபிறகு கச்சேரி. ஊரே உட்கார்ந்திருந்தது. முன்வரிசைக்குக் கொஞ்சம் பின்னால் சரசா, பட்டுப்புடவை கட்டி, தலைநிறையப் பூவோடு. கடைசி நிமிடத்தில் கூப்பிடுவார்கள் என்று அந்தப் பைத்தியக்காரி தயாராக வந்திருந்தாள். நான் ஃப்ளாப்பியைச் செருகினேன். கர்ர் என்றது. அதுவரை நான் கேட்டிராத ஒரு கீறல் சத்தம். டார்ச்சை அடித்தேன். மூன்று சொல், நடுச்சொல் குட்டை. நகலைப் போட்டேன். அதே மூன்று சொல்.

முதல் சாமி பாட்டே கோரஸில்தான் ஆரம்பம். அது இல்லாமல் தபேலா மட்டும் தத்தளித்து நின்றது. “என்னப்பா, பாட்டுக்காரன் ஊமையா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். குப்புராஜண்ணன் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு கூலிங்கிளாஸைக் கழற்றிக் கூட்டத்தைப் பார்த்தார். மைக்கைப் பிடித்தார்.

“இந்த ஊரின் செல்ல மகள், எங்கள் குழுவின் குயில், சரசா அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்!”

வெட்கம் இருந்தால்தானே. எழுதிவைத்துப் படித்த மாதிரி வந்தது வாயில். கூட்டம் கைதட்டியது. “ஏ சரசா, போ புள்ள!” என்று பெண்கள் தள்ளிவிட்டார்கள். அவள் எழுந்தாள். புடவையைத் தட்டிக்கொண்டு மேடையேறினாள். பின்வரிசை மைக்கைக் காட்டினார் ஓனர். அவள் அதைத் தாண்டி வந்து, நடு மைக்கில் நின்றாள். ஓனர் ஒதுங்கத்தான் வேண்டியிருந்தது.

தபேலாக்காரர் எடுத்துக்கொடுத்தார். சரசா ‘ஆ’ என்றாள். கிடங்கில் சொன்ன அதே சுருதி, அதே இழுப்பு. மூச்சு பாக்கியிருக்கும்போதே, கத்தரித்த மாதிரி, அதே இடத்தில் நிறுத்தினாள்.

எல்லோரும் மிச்சத்துக்குக் காத்திருந்தோம்.

“இவ்வளவுதானுங்கண்ணா நீங்க புடிச்சுட்டுப் போனது,” என்றாள் மைக்கில், சாதாரணமாக. “மிச்சம் எங்கிட்டயே இருக்கட்டும்.”

இறங்கிப் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்து, பூவைச் சரிசெய்துகொண்டாள். பிறகு விசில் கிளம்பியது பாருங்கள், அந்த மாதிரி விசில் எங்கள் எந்தப் பாட்டுக்கும் வந்ததில்லை. கோரஸ் இல்லாத பாட்டுகளாகப் பொறுக்கிப் பொறுக்கிப் பாடி ஒப்பேற்றினார்கள். திரும்பும்போது ஓனர் வழிநெடுகச் சொன்னது, “திமிரு புடிச்சவ.” நடுவில் எனக்கும் இரண்டு திட்டு, ஃப்ளாப்பியைச் சுத்தமாக வைக்கவில்லை என்று.

சரசா அதற்குப் பிறகு எந்த மேடையும் ஏறவில்லை. நல்ல குழுக்கள் கூப்பிட்டார்கள், போகவில்லை. அவள் பாடி ஒரு முழுப்பாட்டு கேட்டவர்கள் அவள் நூல் சுற்றும்போது அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் மட்டும்தான். பிறகு பின்னணி இசையை முன்கூட்டியே பதிந்துவைத்த டிராக் வந்தது, பென்டிரைவ் வந்தது, குப்புராஜண்ணன் குழுவைக் கலைத்துவிட்டு நிலம் வாங்கி விற்கப் போனார். அதற்கும் சுருதி வேண்டியதில்லை.

இந்த வருசம் ஜலகண்டாபுரம் திருவிழாவுக்கு ஜெனரேட்டர் பார்க்கப் போயிருந்தேன். மேடையில் ஒரே ஒரு ஆள், ஒரு செல்போன், சட்டையில் ஜிகினா. பின்வரிசை என்ற ஒன்றே இல்லை. மைக் வைக்க இடம்கூட விடவில்லை. முன்னெல்லாம் கோரஸ் எழும்பினால் ஜனங்கள் எக்கி எக்கிப் பார்ப்பார்கள், “அந்தச் செவப்புப் பொடவைதான், பாரு,” என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள். அன்றைக்கும் கோரஸ் எழும்பியது, சுத்தமாக, கரகரப்பே இல்லாமல், நூறு பெண்கள் நிற்கிற மாதிரி. யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு தலை நிமிரவில்லை.