நம்பர் சொல்லாத குரல்

பிற்பகல் இரண்டு ஐம்பது. கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்த்தது எதிர்ச்சுவர் முழுக்க ஓடிய ஒரு சிவப்புக் கோடு. லிங்கம்பள்ளியில் தொடங்கி செகந்திராபாத்தில் முடிந்தது. ரயிலுக்கு மேலே போகும் மின்கம்பியின் படம் அது என்றார் அப்பா. சிவப்பாக இருந்தால் கம்பியில் மின்சாரம் ஓடுகிறது, பச்சையானால் இல்லை. தெருமுனைச் சிக்னலுக்கு நேர்மாறாக இருந்ததால், யாரோ தப்பாக வரைந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு ஒன்பது வயது.

நகரத்துக்குள் ஓடும் ரயில்களின் கம்பிக்கு மின்சாரம் கொடுப்பதும் நிறுத்துவதும் அந்த அறையில் அப்பாவின் வேலை. பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகக் கூடாது. ஆனால் அன்று மாலை ஐந்து மணிக்கு, மாமாவைப் பார்க்க ராமச்சந்திராபுரத்திலிருந்து பெண்வீட்டார் வருவதாக இருந்தது. ரயில்வே காலனியில் எங்கள் வீடு இரண்டே அறை. பாதுஷா தட்டில் நான் இரண்டாம் முறை கைவைத்தபோது அம்மா அப்பாவிடம், "இவளையும் கூட்டிட்டுப் போங்க. இல்லன்னா வர்றவங்களுக்கு வெறும் தட்டுதான் மிஞ்சும்" என்றாள்.

மாமா, அம்மாவின் தம்பி. மின்கம்பியைப் பழுதுபார்க்கும் குழுவில் சேர்ந்து ஒரு வருடம் முடியவில்லை, வேலை நிரந்தரமாகவில்லை. அன்றும் அவருக்குப் பாலாநகர் பக்கம் வேலை இருந்தது. நாலேகாலுக்கு முடியும், குளித்துவிட்டு வந்து நிற்க நேரம் சரியாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அப்பா என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார். "இங்க பேசுறது எல்லாம் பதிவாகும். வாயைத் திறக்காத."

மூன்று மணிக்கு மாமாவின் சூப்பர்வைசர் போனில் வந்து மின்சாரத்தை நிறுத்தி வேலைக்குப் பெர்மிட் தரக் கேட்டார். அப்பா எதையோ அழுத்தினார். சுவரில் கோட்டின் நடுப்பகுதி பச்சையானது. பிறகு இருவரும் ஆளுக்கொரு எண் சொன்னார்கள். அவரவரிடம் உள்ள அச்சடித்த தாளில் வரிசையாக எண்கள் இருக்கும். ஒன்றைச் சொன்னதும் அதை அடித்துவிட வேண்டும். அந்தத் தாளை வைத்திருப்பவரைத் தவிர அடுத்த எண் வேறு யாருக்கும் தெரியாது. வேலை முடிந்து எல்லோரும் இறங்கியபின், மின்சாரத்தை நிறுத்தக் கேட்டவரே திரும்ப அழைத்துத் தன் அடுத்த எண்ணைச் சொல்ல வேண்டும். அதுவரை கோடு பச்சையாகவே இருக்கும்.

நாலேகால் ஆயிற்று. போன் வரவில்லை.

பக்கத்து மேசையில் ரயில்களை நடத்துபவர் இருந்தார். தெலுங்குக்காரர், பருத்த மனிதர். நீளமான தாளில் ஒவ்வொரு ரயிலையும் பென்சிலால் சாய்வுக் கோடாக இழுத்துக்கொண்டு போவார். ரயில் நின்றால் கோடு படுத்துவிடும். அப்போது மூன்று கோடுகள் படுத்திருந்தன. அவற்றில் ஒன்று, பெண்வீட்டார் ஏறிய ரயில். ஹபீஸ்பேட்டையில் விசிறி நின்றுபோய் அவர்கள் வேர்த்துக் கிடப்பதாக அம்மா அப்பாவின் செல்போனுக்கு அழைத்து இரண்டு முறை சொல்லிவிட்டாள். அப்பா இரண்டு முறையும் "சரி" என்றார்.

நான்கு இருபதுக்கு ஸ்பீக்கர் கரகரத்தது. தண்டவாளத்தோரப் பெட்டியில் போனைச் செருகி யாரோ பேசினார்கள். முதல் சொல்லிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"வேலை முடிஞ்சிடுச்சு. கரண்ட் போட்டுடுங்க."

"பெர்மிட் வாங்கினவர் பேசணும்" என்றார் அப்பா.

"அவரு வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்காரு. எல்லாம் முடிஞ்சிருக்கும். அத்தா…"

"பேர், உறவு எதுவும் வேண்டாம்." அப்பா சட்டென்று குறுக்கிட்டார். "நம்பர் சொல்லுங்க."

"நம்பர் எங்கிட்ட ஏது? அவங்க ரயில்லயே உக்காந்திருக்காங்க. என் குரல் தெரியலையா உங்களுக்கு?"

"தெரியல."

"அப்பா, மாமாப்பா!" என்று கத்திவிட்டேன்.

அப்பா திரும்பவில்லை. "நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. சூப்பர்வைசரைப் பேசச் சொல்லுங்க." தொடர்பைத் துண்டித்தார்.

பக்கத்து மேசைக்காரர் பென்சிலைப் போட்டுவிட்டு உள்ளூர் இந்தியில் கேட்டார். "ஆத்மி போல்ரா நா பாய், கைக்கு ரோக்ரே?" ஆள்தான் சொல்கிறானே, ஏன் நிறுத்தி வைக்கிறாய் என்று.

"நம்பர் நை ஆயா. நக்கோ." நம்பர் வரவில்லை, முடியாது என்றார் அப்பா.

"தீன் காடி கடீ மேரி! ஜனம் கல் மேரே கோ பேப்பர்மே சாப்தேங்கே!" மூன்று வண்டி நிற்கிறது, நாளைக்குப் பேப்பரில் வருவது என் பெயர்தான் என்றார். மேலதிகாரி ஒருவர் போனில் வந்தார். அப்பா எழுந்து நின்று பேசினார். இல்லை சார், வரவில்லை சார் என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. சட்டையின் முதுகு நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

நான்கு முப்பத்துமூன்றுக்கு சூப்பர்வைசர் மூச்சிரைக்க அழைத்து எண்ணைச் சொன்னார். அப்பா அதை எழுதி, திருப்பிச் சொல்லி, எத்தனை பேர் இறங்கினார்கள் என்று கேட்டு, பிறகு அழுத்தினார். கோடு சிவப்பானது. தண்ணீர் டம்ளரை அவர் இரண்டு கைகளாலும் பிடித்துக் குடித்தார்.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது பெண்வீட்டார் பாதி வழியிலேயே இறங்கி ஆட்டோ பிடித்துத் திரும்பிவிட்டிருந்தார்கள். மாமா கிரீஸ் கையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் நேராக அம்மாவிடம் போய், மாமா குரல் தெரியாது என்று அப்பா பொய் சொன்னதைச் சொன்னேன்.

"பன்னண்டு வருஷமா நம்ம வீட்டுல சாப்பிடுறவன் குரல் உங்களுக்குத் தெரியாது?" என்றாள் அம்மா. "நல்லா இருக்குங்க நியாயம்!"

அப்பா ஒரு தரம் சுவரைப் பார்த்தார். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசரின் வீடு.

"விடுக்கா" என்றார் மாமா. அப்பாவை நிமிர்ந்து பார்க்காமல் எழுந்து போனார். அதன்பிறகு பல மாதங்கள் அவர் அப்பாவுக்கு எதிரே உட்காரவில்லை. கோபம் என்று நான் முடிவுகட்டி, மாமாவின் கட்சியில் சேர்ந்தேன். அப்பாவோடு ஒரு வாரம் பேசவில்லை.

அப்பா ஓய்வு பெற்றபின் அவர் கோப்பில், அன்று ரயில்கள் நின்றதைப் பற்றி நடந்த விசாரணையின் நகலைப் பார்த்தேன். மாமா அழைத்தபோது வளைவுக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் கம்பியில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கடைசி ஆள் இறங்கியது நான்கு முப்பத்தொன்றுக்கு. பெர்மிட் இல்லாதவர் மின்சாரம் போடச் சொன்னால் வேலை போகும் என்ற சுற்றறிக்கையும் கூடவே இருந்தது.

பதிவைப் போட்டுக் காட்டி அப்பாவிடம் கேட்டிருக்கிறார்கள். நம்பர் இல்லாமல் பேசியவர் யார்? தெரியவில்லை. கத்துகிற சிறுமி யார்? என் மகள். அவள் ஏன் மாமா என்கிறாள்? எங்கள் பிள்ளைகள் பெரிய ஆண்கள் எல்லோரையும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள்.

கட்டுப்பாட்டு அறைக்குள் குழந்தையை அழைத்து வந்ததற்காக அப்பாவுக்குக் கண்டனக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். மாமாவின் வேலை அந்த டிசம்பரில் நிரந்தரமாயிற்று.