குளிர் அறையில் வைத்த வண்ணத்துப்பூச்சிகள்

மார்கழி விடியலில் வண்ணத்துப்பூச்சி பிடிப்பது கத்திரிக்காய் பறிப்பதைவிடச் சுலபம். இது எனக்குத் தெரிய வந்ததற்குக் காரணம் ஒரு பாய். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்ட பிறகு செங்கல் சூளை, லாரி, ஓட்டல் என்று சுற்றிவிட்டு, ஒரகடம் பக்கம் வடக்குப்பட்டில் ஒரு தொழிற்சாலையின் தோட்ட வேலைக்கு வந்து சேர்ந்திருந்தேன். தங்கிய அறையில் எனக்கென்று பாய் கிடையாது. நைட் ஷிஃப்ட் போனவனின் பாயில் நான் படுப்பேன். அவன் திரும்புவதற்குள் எழுந்துவிட வேண்டும். வேலைக்குப் போக நேரம் இருக்கும். எங்கே போவது? ஏரிக்கரைக்குப் போவேன்.

அங்கே எருக்கஞ்செடியிலும் காய்ந்த குச்சிகளிலும் அவை பனியில் நனைந்து, இறக்கையை மூடிக்கொண்டு, கொடியில் போட்ட துணி போலத் தொங்கும். விரலால் தொட்டாலும் அசையாது. வெயில் ஏறினால்தான் உயிர் வரும். அவற்றின் பெயர் எனக்குத் தெரியாததால் கம்பெனிச் சீருடையைப் பார்த்துப் பெயர் வைத்தேன். ஆரஞ்சு நிறத்தவை கான்ட்ராக்ட். கருநீலத்தில் வெள்ளைக் கோடு போட்டவை பெர்மனென்ட். அவை கூட்டமாகத்தான் உட்காரும். புல்லில் திரியும் சின்ன மஞ்சள் எல்லாம் டிரெய்னி. முன்னங்கால்களை மடித்து நின்ற இடத்திலேயே நிற்கும் பச்சைப் பூச்சியைப் பார்த்ததும் எங்கள் கேட் செக்யூரிட்டியின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

தோட்ட வேலையை மண்ணூரைச் சேர்ந்த ஓர் அக்கா கான்ட்ராக்ட் எடுத்திருந்தார். அவர் தெருப் பெண்கள் சிலர், நான், திருநெல்வேலிக்காரன் ஒருவன், இவ்வளவுதான் எங்கள் ஆட்கள். அந்த வருஷம் எச்.ஆர். சார் ஒரு மூலையில் பூச்செடிகள் வைத்து, ‘வண்ணத்துப்பூச்சித் தோட்டம்’ என்று பெரிய போர்டு மாட்டினார். தலைமை அலுவலகத்திலிருந்து மேடம் பார்க்க வருகிறார், அவருக்குப் பிடித்தால்தான் அக்காவுக்கு அடுத்த வருஷக் கான்ட்ராக்ட், இல்லையென்றால் வேறு ஏஜென்சி என்று சொல்லிவிட்டார். நான் வேறு ஊர் பார்த்துக்கொள்வேன். அக்காவுக்கும் அந்தப் பெண்களுக்கும் அந்த வேலையை விட்டால் வேறு வேலை இல்லை.

சிக்கல் என்னவென்றால், வண்ணத்துப்பூச்சித் தோட்டத்தில் வண்ணத்துப்பூச்சியைத் தவிர எல்லாம் இருந்தது. தப்பு எங்களுடையதுதான். தொழிற்சாலைக்குள் ஓட்டை விழுந்த பொருள் ரிஜெக்ட். அக்காவும் அதே சட்டத்தை இலைக்குப் போட்டிருந்தார். ஓட்டை விழுந்த இலையைத் தினமும் கிள்ளி எடுப்போம். அதில் இருக்கும் புழுவையும் எடுத்துவிடுவோம். மிச்சம் மீதிக்கு மருந்து அடிப்போம். இலை எல்லாம் மெழுகு பூசியதுபோலப் பளபளத்தது. புழு இல்லாமல் வண்ணத்துப்பூச்சி எங்கிருந்து வரும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

விசிட்டுக்கு முந்தின நாள் எச்.ஆர். சார் வந்து, ஒன்றிரண்டாவது பறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா வெறும் செடிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இன்னாடா பண்றது? ஒண்ணு கூட இல்லியே. நான் எங்கடா போய் வாங்கியாறது?”

நான் ஏரிக்கரையைப் பற்றிச் சொன்னேன். திருநெல்வேலிக்காரன் உடனே பிடித்துக்கொண்டான். “எண்ணே, அப்ப கூடையோட போய்ப் பறிச்சிட்டு வந்துருவோம்.”

மறுநாள் விடியலில் அவன் கொசுவலையைக் கிழித்துக் கூடைக்கு மூடி செய்தோம். கான்ட்ராக்ட், பெர்மனென்ட் என்று பாகுபாடு பார்க்காமல் ஆள் எடுத்தோம். மேடம் வருவதோ பத்து மணிக்கு. அதற்குள் வெயில் வந்து எல்லாம் விழித்துக்கொண்டால் என்ன செய்வது? கேன்டீனில் காய்கறி வைக்கும் குளிர் அறை இருந்தது. ஸ்டோர் ஆள் அவனுக்கு ஊர்க்காரர். காலிஃப்ளவரில் பூச்சி இருக்கிறது என்று ஏற்கெனவே புகார் இருக்கிறதாம். அதனால் கூடையை அதன் பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டாம் என்றார். முட்டைக்கோஸ் பக்கத்தில் வைத்தோம்.

மேடம் கேட்டுக்குள் நுழைந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடி, செடிக்குச் செடி ஒட்டவைத்தோம். வெயில் பட்டதும் எல்லாம் கிளம்பும், மேடம் தலைமேல் பறக்கும் என்பது கணக்கு. அன்றைக்கென்று பார்த்து வானம் மூட்டம் போட்டது. பூச்சிகள் வைத்தது வைத்தபடி விறைத்து நின்றன. ஒன்றுகூட மீசையை ஆட்டவில்லை.

மேடம் வந்தார். முகம் மலர்ந்தது. குனிந்தார். ஒரு பெர்மனென்ட்டை விரல் நகத்தால் தட்டினார். அது சாய்ந்து அப்படியே நின்றது.

“இதெல்லாம் பிளாஸ்டிக்கா?”

எச்.ஆர். சார் அக்காவைப் பார்த்தார். இது பிளாஸ்டிக் இல்லாத வளாகம் என்று வாசலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். உயிருள்ளவை என்று சொன்னால் எங்கிருந்து பிடித்தீர்கள், எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேள்வி வரும். கேன்டீன் குளிர் அறை வரைக்கும் போகும். அக்காவின் கண் என் மேல் ஒரு முறை வந்து போனது. பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

“ஆமா மேடம். பிளாஸ்டிக்குதான். அழகா இருக்கட்டும்னு நான்தான் வச்சேன். தப்புதான், எடுத்துடறேன்.”

மேடம் எங்களுக்குப் பிளாஸ்டிக்கின் கேடு பற்றிப் பாடம் எடுத்தார். அது மண்ணில் மக்காதாம். திருநெல்வேலிக்காரன் தலையைக் குனிந்துகொண்டு, தோள் குலுங்கக் கேட்டுக்கொண்டிருந்தான். அவர் திரும்பி நடந்தபோது, சாய்ந்து நின்ற அந்தப் பூச்சி ஒரு காலை மெல்ல நகர்த்தியது. நான் போய் அதை மறைத்து நின்றுகொண்டேன்.

பிளாஸ்டிக்கை அகற்றும் வேலை எங்கள் இருவருக்கும் வந்தது. கூடையில் பொறுக்கிப் போட்டு, கழிவுநீர்த் தொட்டிக்குப் பின்னால் கொண்டுபோய்த் திறந்து வைத்தோம். மூட்டம் விலகியதும் முதலில் மஞ்சள் டிரெய்னிகள் நடுங்கின, பிறகு மற்றவை. ஒவ்வொன்றாகச் சுவர் தாண்டிப் போயின. சில மட்டும் எழவில்லை.

சாயங்காலம் எச்.ஆர். சார் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். அக்கா போன வேகத்தைப் பார்த்து நான் துணிப்பையை எங்கே வைத்தேன் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். திரும்பி வந்தவர் புல்தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். கான்ட்ராக்ட் கிடைத்துவிட்டது. மற்றவர்களாக இருந்தால் ஏதாவது சாக்கு சொல்லியிருப்பார்கள், இந்த அம்மா கேட்டதும் உண்மையை ஒத்துக்கொண்டார், நேர்மையானவர், இவரையே வைத்துக்கொள்ளுங்கள் என்று மேடம் சொல்லிவிட்டுப் போனாராம்.

“நான் இன்னாத்தடா சொல்றது?” என்றார் அக்கா. “சரிங்க சார்னுட்டு வந்துட்டேன்.”

சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, எத்தனை பிழைத்தன என்று கேட்டார். பெரும்பாலும் போய்விட்டன என்றேன். எழாதவற்றை அவரே வாங்கி, கிள்ளாமல் விட்டிருந்த ஓர் ஓட்டை இலையில் சுருட்டி, செடியடியில் புதைத்தார்.