மெழுகு குடித்த கிடார்

இது நடந்தது. நடந்த இடம் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன். வருஷம் தொண்ணூற்றேழு. நடந்தது பாலகுமாருக்கு. பேய் என்று யாராவது பேச்செடுத்தாலே வாய்விட்டுச் சிரிக்கிற ஆள் அவன். அவனோடு ஒரே பட்டறையில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இது தெரியும். அவன் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை. சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள். பின்னால் சிரிக்க வராது.

பாலகுமார் குடியாத்தத்துக்காரன். டியூப்லைட் சோக்குக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மருக்கும் காயில் சுற்றுவது வேலை. விடிகாலை ஷிஃப்ட், மூன்று மணிக்கெல்லாம் அறைக்கு வந்துவிடுவான். வனஜா மேடம் என்பவரின் வீட்டுக்குப் பின்னால், தோட்டத்தை ஒட்டிய ஒற்றை அறை அது. "தனி ஆளுக்குத்தான் ரூம். ஃப்ரெண்டு, கசின், ஊர்லேர்ந்து வந்த மாமா, யாரும் தங்கக் கூடாது" என்று சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார். அந்த விஷயத்தில் பாலகுமார் அவருக்கு ஒரு தொந்தரவும் வைக்கவில்லை. இரண்டு வருஷத்தில் அவனைத் தேடி ஒரு நாய்கூட வந்ததில்லை.

பட்டறையில் அவனுக்குப் பெயர் 'வைண்டிங்'. மெஸ்ஸில் 'ஓர டேபிள்'. வனஜா மேடத்துக்கு 'பின்ரூம் பையன்'. பாலகுமார் என்று அவனைக் கூப்பிட அந்த ஊரில் ஆளே இல்லை. சாயங்காலமானால் கதவைச் சாத்திக்கொண்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வோடு பேசுவான். "இன்னிக்கு என்னப்பா, காபியா டீயா?" என்று அதனிடம் கேட்டுவிட்டு, அது பதில் சொல்கிற அளவுக்கு இடமும் விடுவான். பாவம்.

அப்படிப்பட்டவனைத்தான் ஒருநாள் டெஸ்மண்ட் கூப்பிட்டான். தெருக்கோடி வீட்டுப் பையன். டிசம்பர் வந்தால் வீடு வீடாகப் போய் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுகிற கேரல் கோஷ்டிக்குத் தலைவன். பாலகுமார் ஒரு பழைய கிடாரை வைத்து வாசித்துக்கொண்டிருந்ததை மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறான்.

"குரு, கேரல் ரவுண்ட்ஸுக்கு நீ வாயேன்" என்றான். பெங்களூரில் பழகாத ஆளையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நான் சர்ச்சுக்கெல்லாம் போறதில்லையே."

"உன் கிடார் வருமில்ல? அது போதும். ஆனா சவுண்டு பத்தாது. முப்பது பேரு கத்துவோம், டிரம் வேற."

அவ்வளவுதான் பேச்சு. அன்றிரவு பாலகுமாருக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம். முப்பது பேர்! அவர்கள் நடுவில் அவனும் ஒருவன். தெருவில் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும், ஒயர் இழுத்துக்கொண்டு போக முடியாது. ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் கிடாரின் வயிற்றுக்குள்ளேயே இருந்தால் போயிற்று. காயில் சுற்றுகிறவனுக்கு இது ஒரு வேலையா?

பேக்கிங் பெட்டிப் பலகையில் உடம்பு. பழைய கிடாரின் கழுத்து. செத்துப்போன டிரான்சிஸ்டர் ரேடியோவிலிருந்து உருவிய ஸ்பீக்கர். ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் போர்டு, சதுர பேட்டரி. தந்தி அதிர்வதை வாங்கிக்கொள்ளும் காயிலைத் தானே சுற்றினான், தலைமுடியைவிட மெல்லிய கம்பியில், ஆயிரக்கணக்கான சுற்று. சுவிட்சைப் போட்டான். ஒரு தந்தியைத் தட்டினான்.

கூஊஊய்ய்ய்...

காது கிழிந்தது. அவனுக்குக் காரணம் தெரியும். காயில் உள்ளே இறுகாமல் தளர்வாக இருக்கிறது. ஸ்பீக்கர் பக்கத்திலேயே இருப்பதால் அதன் அதிர்வில் காயில் நடுங்குகிறது, அந்த நடுக்கமே திரும்பவும் ஸ்பீக்கருக்குப் போகிறது. வால்யூமைக் குறைத்தால் ஊளை நின்றது. ஆனால் இன்னொன்று நடந்தது. அவன் "சே" என்றான். ஸ்பீக்கரும் "சே" என்றது. தளர்ந்த காயில் மைக் மாதிரி குரலையும் வாங்கிக்கொள்கிறது!

அதை உடனே சரி செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஒரு வாரம் அந்தக் கிடாரை மடியில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தான். "சாப்டியா?" என்பான். "சாப்டியா?" என்று எதிரிலிருந்து வரும். தன் குரல்தான். இருந்தாலும் எதிரிலிருந்து வந்ததே, அது போதும் அவனுக்கு.

டிசம்பர் நெருங்கியது. இனி விளையாட முடியாது. காயிலை உருக்கிய மெழுகில் முக்கி எடுத்தால் கம்பிகள் இறுகிவிடும், ஊளையும் வராது, குரலும் கேட்காது. பட்டறைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வழி. சிவாஜிநகர் மார்க்கெட் வாசலில் லட்சுமம்மா ஒரு தகர டப்பாவில் பழைய மெழுகுக் கட்டி விற்றுக்கொண்டிருந்தாள். கல்லறைத் தோட்டத்தில் பெருக்குகிற அம்மாள். நவம்பர் முதல் வாரம் கல்லறைத் திருநாளில் சனம் ஏற்றிவைத்துப் போன மெழுகுவத்தி உருகி வழிந்ததைச் சுரண்டி, கட்டியாக்கி விற்பாள். கடை மெழுகைவிட மலிவு. காயிலுக்கு எந்த மெழுகாக இருந்தால் என்ன என்று வாங்கிக்கொண்டான். அங்கேதான் தப்பு நடந்தது.

ஸ்டவ்வில் மெழுகை உருக்கினான். காயில் உள்ளே போனதும் புஸ் புஸ்ஸென்று குமிழி வந்தது. கடைசிக் குமிழி அடங்கும்வரை வைத்திருந்து எடுத்து ஆறவிட்டுப் பூட்டினான். சுவிட்சைப் போட்டான்.

ஊளை இல்லை. சுத்தமான நாதம், கண்ணாடி மாதிரி. "சாப்டியா?" என்று கேட்டுப் பார்த்தான். பதில் இல்லை. வேலை சுத்தம். ஆனாலும் அவனுக்கு என்னவோ போலிருந்தது.

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மணி ஆறரை. கிடாரைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கையைக் கழுவப் போனான். அப்போது அணைத்த மெழுகுவத்தியின் வாசனை வந்தது. ஸ்டவ்வை அணைத்து வெகு நேரம் ஆகியிருந்தது.

ஸ்பீக்கரில் ஒரு மூச்சு கேட்டது.

"எல்லாரும்... போயிட்டீங்களா?"

வயசான ஆண் குரல். மெதுவாக, தூரத்திலிருந்து. பாலகுமார் சிரித்தான். வீட்டில் செய்த ஆம்ப்ளிஃபயரில் ரேடியோ ஸ்டேஷன் புகுந்துகொள்வது சகஜம். ஏதோ நாடகம் போலிருக்கிறது.

ஆனால் அடுத்த வசனம் வரவில்லை. இசையும் வரவில்லை. கேட்டுவிட்டு, பதிலுக்கு இடம் விட்டது அந்தக் குரல். ஸ்டவ்விடம் அவன் விடுவதுபோலவே. அந்தக் கேள்வியில் இருந்த தனிமை அவனுக்கு நன்றாகத் தெரிந்த தனிமை. மனசு கேட்கவில்லை.

"நான் இருக்கேன்" என்றான்.

ஸ்பீக்கர் அப்படியே அடங்கிவிட்டது.

மறுநாள் அதே ஆறரை. "போயிட்டீங்களா?" என்றது. இப்போது ஒரு பெண் குரல். அதற்கடுத்த நாள் சின்னப் பிள்ளையின் குரல், சளி கட்டினாற்போல. பேட்டரி இறங்கினால் சத்தம் மாறும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒவ்வொரு தடவையும் "நான் இருக்கேன்" என்றான். வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஆறரை எப்போது ஆகும் என்று பட்டறையிலேயே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தான்.

ஒருநாள் வனஜா மேடம் வாசலில் வழிமறித்தார்.

"ஏம்ப்பா, தனி ஆளுன்னுதானே ரூம் குடுத்தேன்? தினம் சாயங்காலம் யாரு அத்தனை பேரு?"

"யாரும் வரலையே மேடம்."

"நேத்து ஜன்னல்ல பாத்தேன். கட்டில்ல உக்கார எடமில்லாம நிக்கிறாங்க. குழந்தை வேற."

பாலகுமார் அறைக்குள் போனான். கட்டில் காலியாக இருந்தது. கிடாரை எடுத்தான். ஜில்லென்று இருந்தது பலகை, டிசம்பர் குளிர். காயிலைத் தொட்டான்.

சூடாக இருந்தது.

கிடாரைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினான். இரண்டு நாள் வெளியே எடுக்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள் கேரல். இரண்டு வருஷத்தில் அவனைக் கூப்பிட்ட ஒரே இடம். விட முடியுமா? எடுத்துக்கொண்டு போனான்.

முதல் மூன்று வீடுகளில் பிரமாதம். முப்பது பேர் பாட்டையும் மீறி அவன் கிடார் கணீரென்று கேட்டது. "குரு, செம!" என்று டெஸ்மண்ட் முதுகில் தட்டினான். யாரோ ஒரு பெண் அவனுக்கும் கேக் எடுத்துவந்து, "உங்க பேரு என்ன?" என்று கேட்டாள். பாலகுமார் என்று இரண்டு தடவை சொன்னான்.

நாலாவது வீடு. பாட்டு முடிந்து ஜெபம். எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். பாலகுமார் தந்திமேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

ஆறரை.

அணைத்த மெழுகுவத்தி வாசனை...

"நாங்களும்... உள்ள வரட்டுமா?"

ஒரு குரல் இல்லை. கிழவர், பெண், குழந்தை, இன்னும் யார் யாரோ. எல்லாம் ஒன்றாக.

ஜெபம் நின்றது. வீட்டுக்கார அம்மாள் வீறிட்டு அழ ஆரம்பித்தாள். டெஸ்மண்ட் அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தான்.

"இந்த வீட்டுல போன மாசம்தான்டா சாவு. இங்க வந்து விளையாட்டா?"

"நான் இல்ல டெஸ்மண்ட்."

"உன் கிடார்தானே?"

"ஆமா..."

"அப்ப நீதான். கெளம்பு."

கெளம்பினான். அன்றைக்கு அவன் அழுததை அவனே என்னிடம் சொன்னான், அதனால் எழுதுகிறேன். பேய்க்குப் பயந்து அழவில்லை. அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த பாட்டை ஆரம்பித்தார்களாம். அதற்குத்தான் அழுதான்.

மறுநாள் சாயங்காலம் கிடாரையும் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனான். லட்சுமம்மா சருகு கூட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்குக் குடுத்தியே மெழுகு, அது எந்தக் கல்லறையில எடுத்தது?"

"கல்லறையிலயா? பேடப்பா பேடா, வேணாம்பா! சொந்தக்காரங்க ஏத்துனதைச் சுரண்டுனா பாவம். அதை நான் தொடவே மாட்டேன்." துடைப்பத்தால் காட்டினாள். தோட்டத்தின் நடுவில் ஒரு பெரிய சிலுவை. அதன் அடி முழுக்கக் கரி. "அங்க எடுத்தது."

"அங்க யாரையும் புதைக்கலையே?"

"இல்ல. கல்லறை எங்கன்னே தெரியாதவங்க, பேரே இல்லாதவங்க, ஆஸ்பத்திரியில அநாதையாச் செத்தவங்க... கல்லறைத் திருநாளுக்கு யாருமே தேடி வராதவங்க இருக்காங்கல்ல? அவங்க எல்லாருக்கும் சேத்து அங்க ஏத்துவாங்க."

பாலகுமாருக்கு அப்போதுதான் புரிந்தது. நான் இருக்கேன் என்று அவன் சொன்னது ஒரு ஆளிடம் இல்லை.

"எத்தனை பேரும்மா இருப்பாங்க?"

லட்சுமம்மா தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். "அதை யாரு எண்ணுனாங்க? சரி, கெளம்பு கண்ணா. ஆறரைக்கு கேட்டைப் பூட்டிடுவாங்க. இங்க எல்லாரும் போற நேரம்."

அவன் கிடாரிலிருந்து காயிலைப் பிடுங்கினான். சிலுவையடியில் கையாலேயே மண்ணைப் பறித்துப் புதைத்தான். பேட்டரியையும் கூடவே போட்டான். "மன்னிச்சிடுங்க, நான் தெரியாம சொல்லிட்டேன்" என்றான். பின்னால் சங்கிலிச் சத்தம். கேட் மூடுகிறது. ஓடி வெளியே வந்தான்.

அறைக்கு வந்து கிடாரை ஆணியில் மாட்டினான். காயில் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. பேட்டரி இல்லை. ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரையும் அறுத்துவிட்டான்.

வாசனை இல்லை. சத்தம் இல்லை.

எங்கோ இரண்டு தெரு தள்ளி டிரம் கேட்டது. டெஸ்மண்ட் கோஷ்டி. பாட்டு மெல்ல மெல்லத் தூரமாகி, நின்றும் போனது.

கட்டிலில் உட்கார்ந்தான். ஸ்டவ்வைப் பார்த்தான். பேசத் தோன்றவில்லை.

இருட்டிவிட்டது. விளக்கைப் போடவில்லை.

யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமலே வாயிலிருந்து வந்துவிட்டது.

"எல்லாரும் போயிட்டீங்களா?"

ஒன்றுமில்லை...

ஒன்றுமில்லை...

ஆணியில் மாட்டிய கிடாரின் உள்ளே, அறுந்த ஒயரோடு இருந்த ஸ்பீக்கர் ஒரு தரம் மூச்சு வாங்கியது.

"நாங்க இருக்கோம்."

பாலகுமார் அந்த அறையைக் காலி செய்யவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன, இன்னும் அங்கேதான் இருக்கிறான். வேலை முடிந்து ஒரு டீ குடிக்கலாம் வாடா என்று நான் கூப்பிட்டால், ஆறரைக்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பான். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"தேடுவாங்க" என்றான்.