கஸ்தூரி சொன்னது

எழுபதுகளில் சென்னை ஆஸ்பத்திரி ஒன்றில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டராக இருந்தேன். மயிலாப்பூரில் இஸ்திரி வண்டி வைத்திருந்த கஸ்தூரிக்கு அப்போது எட்டாம் மாதம். மூளையில் கட்டி. பிரசவம்வரை காத்திருக்க முடியாதென்று ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் அவளைப் பார்க்கப் போனேன்.

"மல்லாக்க படுத்தா கண்ணு இருட்டிக்கினு வருது டாக்டரம்மா. ஒருக்களிச்சா நல்லாத்தான் கீது."

"தலையில கட்டி இருந்தா அப்படித்தாம்மா இருக்கும்" என்று நின்றபடியே சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

மறுநாள் மல்லாக்கப் படுக்கவைத்து மயக்கம் கொடுத்தேன். சர்ஜன் கத்தியை எடுப்பதற்குள் ரத்த அழுத்தம் சரிந்தது. மருந்து ஏற்றியும் பலனில்லை. வயிற்றில் குழல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த நர்ஸ், "குழந்தையோட துடிப்பு குறையுது டாக்டர்" என்றாள்.

அப்போதுதான் கஸ்தூரி சொன்னது உறைத்தது. கண் இருட்டியது கட்டியால் அல்ல. மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் கனம் பெரிய ரத்தக்குழாயை அழுத்திவிடும். நான் படித்துப் பாஸான பாடம்தான்! போர்வையை மடித்து வலது இடுப்புக்கு அடியில் செருகி, அவளை இடது பக்கம் சாய்த்தேன். மெல்ல அழுத்தம் ஏறியது. குழலிலிருந்து காதை எடுத்த நர்ஸ் சிரித்தாள்.

கட்டியை எடுத்தார்கள். கண் விழித்ததும் கஸ்தூரி கேட்டது, "இப்பவாச்சும் ஒருக்களிச்சு படுக்கலாமா?"

நானே திருப்பிப் படுக்கவைத்தேன்.

அடுத்த மாதம் பிறந்த மகளைக் கொண்டுவந்து காட்டி, "ரெண்டு உசுரையும் நீங்கதான் காப்பாத்துனீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அதன்பிறகு எந்த நோயாளியிடமும் நான் நின்றபடி பேசியதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.